மதகுக்கு முதலில் போனது யார்

சனிக்கிழமை சாயங்காலம், கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு நடக்கும்போதே சைக்கிள்காரர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். நாளைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது.

ஊரில் யார் வீட்டுச் சக்கரம் கோணினாலும் அவர் கடைக்குத்தான் வரும். தட்டி நிமிர்த்தி அனுப்பிவிடுவார். சொந்த வீட்டில் கோணிக்கிடந்த ஒரே ஒரு விஷயத்தைத்தான் ஏழு வருஷமாக நிமிர்த்த முடியவில்லை.

விஷயம் இதுதான். கல்யாணம் முடிவான புதிதில், குளிர் விட்டு மரமெல்லாம் பூத்து நின்ற ஒரு நாளில், அவரும் அவர் மனைவியும் கால்வாய்க் கரையோடு சைக்கிளில் போனார்கள். பன்னிரண்டு கிலோமீட்டர். மதகு வரைக்கும். அங்கே முதலில் போய்ச் சேர்ந்தது யார்?

நான்தான் என்பார் அவர். போனதோடு இல்லை, அரை மணி நேரம் உட்கார்ந்து காத்திருந்தேன் என்பார். நான்தான் என்பாள் அவள். பஸ் நிறுத்தத்தில், பல் டாக்டர் வீட்டு வாசலில், அவளுடைய அண்ணன் வந்தால் சாப்பாட்டு மேஜையில், எங்கே பேச்சு சைக்கிள் பக்கம் திரும்பினாலும் இந்தச் சண்டை எழுந்து வந்து நடுவில் உட்கார்ந்துகொள்ளும்.

இத்தனை நாள் அது இரண்டு பேர் சண்டை. இப்போது பாப்பாவுக்கு மூன்று வயது. ஒவ்வொரு வாய் சோற்றுக்கும் ஒரு கதை கேட்கிறாள். முதலில் எந்தக் கதை அவள் காதில் விழுகிறதோ, அதுதான் ஆயுசுக்கும் நிற்கும். அப்பா ஜெயித்த கதையா, தோற்ற கதையா?

"நாளைக்கு மறுபடியும் போவோம்," என்றார் மனைவியிடம். "மதகைத் திறக்கற இரும்புச் சக்கரத்தை யார் முதல்ல தொடறாங்களோ அவங்க கதைதான் பாப்பாவுக்கு. இன்னொருத்தர் வாயைத் திறக்கக் கூடாது."

"பாப்பாவை என்ன செய்யறது?"

"உன் வண்டியில உக்காரட்டும். உன்னை விட்டு இருக்க மாட்டா பாரு."

"பதினாலு கிலோவை என் தலையில கட்டிட்டு நீங்க காத்தா பறப்பீங்க."

"அம்மான்னா சுமக்கத்தானே வேணும்?"

"பத்து மாசம் சுமந்தாச்சு. பன்னிரண்டு கிலோமீட்டர்ல என்ன குறைஞ்சிடப் போறேன். வர்றேன்."

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதும் அவருக்குப் பயம் வந்துவிட்டது. பதினாலு கிலோ போதாதோ?

வண்டிகள் இரண்டும் அவரே கோத்தவை. மண் பாதை, சரளைக்கல், எதிலும் ஓடுகிற தடித்த டயர். அவருடையது சிவப்பு, அவளுடையது சாம்பல். நிறத்தைத் தவிர ஒரு வித்தியாசமும் கிடையாது. அவள் பாப்பாவைக் குளிப்பாட்டும் நேரம் பார்த்துப் பின்கட்டுக்குப் போனார். சாம்பல் வண்டியின் பின்பக்கத்துத் திருகை அரைச் சுற்று முறுக்கினார். பிரேக் கட்டை ரிம்மை லேசாக உரசியது. தள்ளிப் பார்த்தால் தெரியாது. ஏறி மிதித்தால் பின்னால் யாரோ பிடித்து இழுப்பது போல இருக்கும்.

தொழில் தெரிந்தவன் செய்கிற காரியம் இல்லை. செய்துவிட்டு இரண்டு தடவை கையைக் கழுவினார்.

காலையில் நல்ல வெயில். குழந்தை நாற்காலியும் ஸ்பேனருமாகச் சாம்பல் வண்டியிடம் குனிந்தவரை மனைவி தடுத்தாள்.

"ஏங்க, பாப்பா சிவப்பு வண்டியிலதான் வருவாளாம்."

"அப்ப என்கூட வரட்டும்," என்றார், வேறு வழி இல்லாமல்.

"என்கூடத்தான் வருவாளாம்."

"ரெண்டும் எப்படி நடக்கும்?"

"நான் சிவப்பை எடுத்துக்கறேன். நீங்க என்னுதை எடுத்துக்கோங்க. ரெண்டும் ஒண்ணுதான்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

"அது வந்து... சாம்பல் வண்டி கொஞ்சம்..."

"கொஞ்சம்?"

"ஒண்ணுமில்லை."

"உங்க கை பட்ட வண்டிங்க. நல்லாத்தான் ஓடும்," என்று சொல்லி அவள் சிவப்பு வண்டியில் ஏறினாள்.

யானை தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். யானைக்காவது அது குளிர்ச்சி. இவருக்கு முதல் மேட்டிலேயே சட்டை நனைந்துவிட்டது. இரண்டு பக்கமும் வேலிச்செடி, நடுவில் கல்லும் குழியுமான சந்துப் பாதை. மிதிக்க மிதிக்கச் சக்கரம் கீச் கீச்சென்று ஊருக்கே சேதி சொன்னது.

"ஏங்க, வண்டி அழுவுதா?"

"புதுக் கட்டை. போகப் போகப் பழகிடும்."

"இறங்கி ஒரு தடவை பாத்துடுங்களேன். ஊர் வண்டியெல்லாம் பாக்கறீங்க."

இறங்கினால் கை நேராக அந்தத் திருகுக்குப் போகும். எங்கே கோளாறு என்று தேடாமலே எப்படித் தெரிந்தது என்று கேட்பாள். கேட்காமல் விடுகிற ஜாதியில் அவள் பிறக்கவில்லை. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார்.

சந்து முடிந்து கால்வாய்க் கரை வந்தது. அப்புறம் மேடு இல்லை. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் பூத்த மரங்கள். செங்கல் பாலங்கள் அப்படியே இருந்தன. குனியாவிட்டால் தலையில் இடிக்கும் அந்தத் தாழ்ந்த பாலமும் இருந்தது. காற்று அடிக்கும்போதெல்லாம் பூ உதிர்ந்து தண்ணீரில் மிதந்துபோனது. ஏழு வருஷத்துக்கு முன்னாலும் இதே வாசனைதான். அப்போது முட்டி வலிக்காது, அவ்வளவுதான்.

பதினோராவது கிலோமீட்டரில் அவள் இருநூறு அடி முன்னால் இருந்தாள். எல்லாம் முடிந்தது என்று அவர் நினைத்த நேரத்தில் கரையோரம் ஒரு வாத்து குஞ்சுகளோடு ஏறி வந்தது.

"வாத்து," என்றாள் பாப்பா. "எறக்கு."

பாப்பா எறக்கு என்றால் இறக்க வேண்டும். மனைவி வண்டியை நிறுத்தினாள். சைக்கிள்காரர் கீச் கீச்சென்று அவர்களைத் தாண்டிப் போனார். வாத்துகூட ஒதுங்கிக்கொண்டது. மதகின் இரும்புச் சக்கரத்தை அவர் இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தார். தொட்டதற்கு அத்தாட்சி போலவும் இருந்தது, விழாமல் நிற்கவும் வசதியாக இருந்தது.

அவள் வந்து சேர்ந்தபோது புல்லில் கால் நீட்டி ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"சரிங்க, நீங்கதான் ஜெயிச்சீங்க," என்றாள். கோபம் இல்லை, முணுமுணுப்பு இல்லை. பாப்பாவை அவர் மடியில் உட்கார வைத்தாள். "உங்க கதையே இருக்கட்டும். சொல்லுங்க. நான் வாயைத் திறக்க மாட்டேன்."

ஜெயித்தவருக்கு மனசு இளகிவிட்டது.

"ஒரு நாள் அப்பாவும் அம்மாவும் இதே பாதையில சைக்கிள்ல வந்தோம் பாப்பா. அப்பதான் இதெல்லாம் பூத்திருந்துச்சு. அம்மா எப்படி இருந்தா தெரியுமா?"

"எப்படி?" என்றாள் பாப்பா.

"நீலச் சட்டை. இவ்ளோ நீளம் பின்னல். வண்டி குலுங்கறப்ப எல்லாம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும். மேல இருந்து விழற பூ ஒவ்வொண்ணா அதுல ஒட்டிக்கும். நான் எண்ணிட்டே வந்தேன். பதினேழு."

மனைவி கொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். "பதினேழா?" என்றாள், மெதுவாக.

"பதினேழு. அந்தத் தாழ்ந்த பாலத்துல குனிஞ்சப்ப ரெண்டு விழுந்துடுச்சு. சேத்துல ஏறி, சக்கரம் வாரி அடிச்சு, சட்டை முதுகு நெடுகக் கோடு. அதுகூட அழகா இருந்துச்சு. பன்னிரண்டு கிலோமீட்டரும் கண்ணை எடுக்கலையே நான்."

சொல்லிவிட்டுக் கால்வாயைப் பார்த்தார். கண் கொஞ்சம் கலங்கியிருந்தது. திரும்பினார். மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. ஆனால் உதட்டில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"முதுகுல கோடு இருந்தது எனக்கே இன்னிக்குத்தாங்க தெரியும்," என்றாள். "பாப்பா, அதையெல்லாம் அப்பா எங்கேருந்து பாத்தாருன்னு கேளு."

"எங்கேருந்துப்பா பாத்தே?"

சைக்கிள்காரர் மதகைப் பார்த்தார். வந்த வழியைப் பார்த்தார். பாப்பா அவர் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"பின்னாடியிருந்து," என்றார் ஜெயித்தவர்.