தாய்மாமன் சீராகப் போன கலர் டிவி

தாய்மாமன் ஆவது முதலில் பதவி உயர்வு போலத்தான் இருக்கும். சம்பளம் கிடையாது, செலவு மட்டும்தான் என்பது அக்கா மகளுக்குக் காது குத்தத் தேதி வைத்ததும் தெரிந்துவிடும். மதுரைக்கு மேற்கே எங்கள் சொந்தபந்தங்களில் காதுகுத்து என்றால் பிள்ளையின் காதை யாரும் பார்ப்பதில்லை. மாமன் என்ன கொண்டுவந்தான் என்றுதான் பார்ப்பார்கள். மேளச் சத்தம் எந்தத் தெரு வரை கேட்டது, தட்டுகளை எத்தனை பேர் சுமந்தார்கள் என்பதை வைத்து, புகுந்த ஊரில் அக்காவுக்கு என்ன மரியாதை என்பது முடிவாகும். ஒரு பெண்ணின் மதிப்பை அவள் தம்பி தூக்கிவரும் சாமான்களை வைத்து எடை போடுவது அநியாயம் என்று இன்றைக்கு நான் பேசுவேன். அன்றைக்குப் பேச வாயும் இல்லை, கையில் காசும் இல்லை.

அப்போது எண்பதுகளின் நடுப்பகுதி. மதுரையில் ஒரு வெங்காய மண்டியில் எனக்கு வேலை. தபால் வழியில் ரேடியோ ரிப்பேர் படித்திருந்தேன். (சான்றிதழில் என் போட்டோ ஒட்டியிருந்தது. அதைத் தவிர அதில் இருந்த எதையும் நான் நிரூபித்ததில்லை.) அக்கா பஞ்சவர்ணத்தைச் சோழவந்தான் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். மச்சான் தங்கமானவர், வாய் திறக்காதவர். அவருக்கும் சேர்த்து அவர் தங்கை ராக்கம்மாள் பேசிவிடுவாள். உள்ளூரிலேயே வாக்கப்பட்டிருந்ததால் தினமும் வந்து பேசுவாள்.

"என்ன மதினி, ஒங்க தம்பி காதுகுத்துக்கு வெங்காயச் சாக்கத் தூக்கிட்டு வருவாரோ?" என்று ஊர்க் குழாயடியில் வைத்து அவள் கேட்டதை, அக்கா மதுரைக்கு வந்து என்னிடம் சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எனக்கு நகை நட்டு எதுவும் வேணாம்டா. அவ வாயி ஒருநா மூடணும். அம்புட்டுத்தான்."

"கலர் டிவி கொண்டு வாரேன்க்கா," என்றேன். அந்த ஊரில் இருந்ததே பஞ்சாயத்து ஆபீசின் ஒற்றைக் கறுப்பு வெள்ளைப் பெட்டிதான். நான் சொன்னது என் காதிலேயே விழுந்தபோது எனக்கே தூக்கிவாரிப்போட்டது.

ஆனால் அது முழுப் பொய்யும் இல்லை. மண்டிக்கு வரும் ஒரு வியாபாரி சிங்கப்பூரிலிருந்து திரும்பியவர். அவர் வீட்டு மாடியில், நான்கு மரக்கால்களும் இழுத்து மூடும் மரக்கதவும் கொண்ட கலர் டிவி ஒன்று செத்துக் கிடந்தது. "மாடியக் காலி பண்ணிக் குடுத்தாப் போதும் தம்பி, தூக்கிட்டுப் போ," என்றார். முதுகுப் பலகையைக் கழற்றினால் உள்ளே ஒரு எலிக் குடும்பம் பிரசவம் பார்த்துவிட்டுக் கிளம்பியிருந்தது.

டவுன்ஹால் ரோட்டு ரேடியோ கடைகளில் பழைய சாமான்களைக் கிளறி, ஒவ்வொன்றாக மாற்றினேன். புதிதாக வாங்கியது ஈயம் மட்டும்தான். ஸ்பீக்கரின் அட்டை கிழிந்திருந்தது. விழாவுக்கு மைக்செட் வரும், அதன் வழியாகச் சத்தம் கொடுத்துக்கொள்ளலாம் என்று அதை அப்படியே விட்டேன். பிக்சர் டியூபைச் சுற்றி ஒரு பெரிய செம்புக் கம்பி வளையம் இருந்தது. அதற்குக் கரண்ட் கொடுக்கும் சின்னப் பாகம் கருகிப்போயிருந்தது, எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. வளையத்தைக் கழற்றிவிட்டு டிவியைப் போட்டுப் பார்த்தேன். படம் வந்தது! கலராக வந்தது! வெளிநாட்டுக்காரன் சும்மா அழகுக்குச் சுற்றியிருக்கிறான் என்று முடிவு கட்டி, செம்பை எடைக்குப் போட்டு, அந்தக் காசில் மரக்கதவுக்கு வார்னிஷ் அடித்தேன். அன்று என்னைவிடக் கெட்டிக்காரன் மதுரையில் இல்லை என்று மனதார நம்பினேன்.

விழாவன்று காலையில் ஊர் எல்லையிலிருந்து சீர் புறப்பட்டது. முன்னால் கொட்டுமேளம், பின்னால் பழத்தட்டுகள், அதற்கும் பின்னால் டிராக்டரில் மாலை போட்டுக்கொண்டு டிவி. யாரோ பக்தியோடு அதன் கண்ணாடியில் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். ராக்கம்மாள் வாசலில் நின்று பார்த்தாள். அவள் வாய் மூடியிருந்தது. அக்கா என்னைப் பார்த்த பார்வைக்கு, அந்த டிராக்டரையே தலையில் சுமந்திருப்பேன்.

பிள்ளையை என் மடியில் வைத்துக் காது குத்தினார்கள். சாப்பாடு முடிந்தும் ஊர் கலையவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் கலரில் எட்டிப் பிடிக்க முடிந்தது இலங்கை ஒளிபரப்பைத்தான், அது சாயங்காலம்தான் தொடங்கும். மூங்கில் கழியில் ஆன்டெனாவைத் தூக்கிக் கட்டினோம். மைக்செட்காரர் ஆளுயரப் பெட்டி ஸ்பீக்கர்கள் இரண்டை இறக்கினார்.

"எங்கண்ணே வைக்க?"

"டிவிக்கு ரெண்டு பக்கமும் ஒட்டி வைங்கண்ணே. சத்தம் படத்துலருந்து வார மாதிரி இருக்கணும்," என்றேன். கோயில் வாசலில் துவாரபாலகர்கள் நிற்பதுபோல் பெட்டிகள் நின்றன. இந்த யோசனைக்காகவும் அப்போது என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

டிவியைப் போட்டேன். செய்தி வாசிக்கும் அம்மாள் தோன்றினார். இடது கன்னம் பாசிப் பச்சை. வலது கன்னம் கத்தரிப்பூ. நடுவில் மூக்கு மட்டும் மனித நிறத்தில் தனித்து நின்றது.

அணைத்துவிடலாம் என்று கையை நீட்டினேன். ஆனால் கூட்டம் வாயைப் பிளந்துவிட்டது. "எம்புட்டுக் கலரு!" என்றார் ஒரு பெரியவர். பஞ்சாயத்து டிவியில் இரண்டு நிறத்தையே பார்த்துப் பழகியவர்களுக்கு, ஒரே முகத்தில் மூன்று கிடைத்தது கொள்ளை லாபமாகப் பட்டிருக்க வேண்டும். கலர் டிவி இப்படித்தான் இருக்கும் என்று ஊரே ஏற்றுக்கொண்டது, ஒரே ஒருவரைத் தவிர. ராக்கம்மாளின் புருஷன் மிலிட்டரியில் இருந்தவர். நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"நான் டெல்லியில பாத்திருக்கேன். கலர் டிவியில மூஞ்சி மூஞ்சி மாதிரித்தான் இருக்கும். இது ஓட்ட டிவி."

"அதான பாத்தேன்," என்றாள் ராக்கம்மாள். அவள் வாய் திறந்துவிட்டது.

நான் இருந்த எல்லாத் திருகையும் திருகினேன். பச்சை இன்னும் கெட்டியானது. பதற்றத்தில் ஸ்பீக்கர் பெட்டியில் இடித்தேன். பெட்டி நகர்ந்தது, செய்தி வாசிப்பவரின் கன்னத்துப் பச்சையும் கூடவே நகர்ந்தது. அப்போதுதான் உறைத்தது. ஸ்பீக்கரில் இருந்த காந்தம்! பெட்டிகளைத் தூரத் தள்ளச் சொன்னேன். தள்ளினார்கள். கறை பாதி குறைந்தது, மீதி போகவில்லை. டியூபில் இப்படி ஏறும் காந்தத்தைத் துடைப்பதற்காகவே ஒரு பாகம் வைத்திருப்பார்களே என்று யோசித்தேன். யோசித்த மறு நிமிஷமே அந்தப் பாகம் எது என்பதும், அதை எந்தக் கடையில் எடைக்குப் போட்டேன் என்பதும் ஞாபகம் வந்தது. அந்த வளையம் வார்னிஷாக மாறி என் கண்ணெதிரே பளபளத்துக்கொண்டிருந்தது.

தலை நிமிராமல் அக்காவைத் தேடினேன். அவள் வாசற்படியில் இடுப்பில் பிள்ளையோடு நின்றிருந்தாள். மிலிட்டரிக்காரரைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள்.

"மூஞ்சியப் பாக்கணும்னா பக்கத்துல ஒக்காந்திருக்கவுக மூஞ்சியப் பாருங்கண்ணே. கலரு பாக்கணும்னா டிவியப் பாருங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மிலிட்டரிக்காரர் அனிச்சையாகப் பக்கத்திலிருந்த ராக்கம்மாளின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு இரண்டு மடங்கானது. அவர் உட்கார்ந்துவிட்டார். செய்தி முடிந்து சிங்களத்தில் ஏதோ நாடகம் ஓடியது. ஒரு வார்த்தை புரியாமல் ஊரே உட்கார்ந்து பார்த்தது.

மறுநாள் டிவியை மதுரைக்கு எடுத்துப்போய்ச் சரிசெய்து தருகிறேன் என்றேன். அக்கா சம்மதிக்கவில்லை. "நீ எடுத்துட்டுப் போனா, ரிப்பேர்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். கெடக்கட்டும்," என்று சொல்லிவிட்டாள். கிழிந்த ஸ்பீக்கரை மட்டும் அங்கேயே மாற்றிக் கொடுத்தேன். பல வருஷம் அது அப்படியே பச்சையும் கத்தரிப்பூவுமாக ஓடியது. என் அக்கா மகள் அதைப் பார்த்தே வளர்ந்தாள். மதுரையில் ஒரு கடையில் முதல்முறையாக ஒழுங்கான கலர் டிவியைப் பார்த்தபோது, என் கையை இழுத்து, "மாமா, இந்த டிவி ரிப்பேரு," என்றாள்.

உன் மானத்தைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டேனே என்று வெகுநாள் கழித்து அக்காவிடம் சொல்லி வருத்தப்பட்டேன். அவள் முறைத்தாள்.

"போடா இவனே. வாக்கப்பட்டு வந்ததுலருந்து, குத்திப் பேச வார ராக்கத் தவிர ஒரு பொம்பள என் வாசப்படி மிதிச்சதில்ல. நீ கொண்டாந்த மறுநாள்லருந்து சாயங்காலமானா எடம் பத்தல. அந்த ராக்கு மொத ஆளா வந்து முன்னால ஒக்காருவா."

போன வருஷம் ராக்கம்மாள் தன் பேத்திக்கு வரன் பார்த்தாள். மாப்பிள்ளை வீட்டார் சோழவந்தானில் இறங்கி, வழி கேட்டுப் போன் செய்தார்கள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவள் போனில் ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்திச் சொன்னாள்:

"ஊருக்குள்ள வந்து பச்ச டிவி வீடு எதுன்னு கேளுங்க, யாரும் சொல்லுவாக. எங்க மதினி வீடுதேன். அதுக்கு அடுத்த வீடு நம்ம வீடு!"