நர்சம்மாவின் கோழி வார்டு

தமிழ்நாட்டிலேயே கொடுத்துவைத்த கோழி எது என்று யாராவது போட்டி வைத்தால், முதல் பதினாலு பரிசும் நல்லம்பள்ளியில் எங்கள் வீட்டுக்கார நர்சம்மாவின் பதினாலு கோழிகளுக்குத்தான் போகும். பதினைந்தாவது பரிசுக்கு மற்ற ஊர்க் கோழிகள் அடித்துக்கொள்ளலாம்.

அரசு ஆஸ்பத்திரியில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது உத்தியோகத்திலிருந்துதான், அதிகாரத்திலிருந்து இல்லை. நான் அப்போது சொட்டுநீர்க் குழாய் விற்கும் பிரதிநிதி. கல்யாணமான புதிது. மனைவி செல்வியோடு வீடு கேட்டுப் போய் நின்றபோது, நர்சம்மா எங்கள் ஊரைக் கேட்கவில்லை, உறவைக் கேட்கவில்லை.

"வண்டி இருக்குதுங்களா தம்பி?"

"இருக்குதுங்க."

"பின்னாடி மூட்டை கட்டலாமா?"

"கட்டலாங்க. ஏன் கேக்கறீங்க?"

"அப்ப வூடு உங்களுக்குத்தான்."

ஏன் கேட்டார் என்பது மறுநாள் புரிந்தது. வீட்டுக்குப் பின்னால் கோழிக் கொட்டகை. வாசலில் சோப்பும் வாளித் தண்ணீரும். 'பார்வையாளர் நேரம் மாலை 4 முதல் 5 வரை' என்று சாக்பீஸில் எழுதிய பலகை. உள்ளே கோழிகளுக்குப் பெயர் கிடையாது. ஒண்ணாம் பெட், ரெண்டாம் பெட் என்று வரிசையாக எண்கள்தான். "மூணாம் பெட்டு, எந்திரிங்க, கீழ சுத்தம் பண்ணணும்" என்பார். மூணாம் பெட்டும் எழுந்து நிற்கும். இருந்த ஒரே சேவலுக்கு மட்டும் பட்டம் உண்டு, டூட்டி டாக்டர்.

"வருவாரு, ஒரு சுத்து சுத்துவாரு, அல்லாரையும் பாத்துக் கத்துவாரு, போயிருவாரு. வேலை பூரா நாமதான் பாக்கணும்" என்று விளக்கம் சொன்னார். முப்பது வருஷக் கோபம் அந்தக் குரலில் இருந்தது.

கோழிக்குக் கீழே எதைப் பரப்புவது என்பதுதான் நர்சம்மாவின் வாழ்நாள் ஆராய்ச்சி. நான் குழாய் விற்கப் போகிற ஊரிலிருந்தெல்லாம் ஒரு சாக்கு வந்தாக வேண்டும். இண்டூர்ப் பக்கம் போனால் கடலைத் தோல், ரைஸ்மில் பக்கம் போனால் உமி, தச்சுப் பட்டறை கண்ணில் பட்டால் மரத்தூள். மரத்தூள் பரப்பிய அன்று பதினாலு கோழியும் ஒன்றாகத் தும்மின. "ஆஸ்துமா கொண்டாந்துட்டீங்களே தம்பி" என்று அன்றே வாரி வெளியே கொட்டினார்.

பாப்பிரெட்டிப்பட்டியில் புளி உடைக்கிற இடத்தில் மலைமாதிரி கிடந்த புளியந்தோட்டை நானாகவே ஆசைப்பட்டு ஒரு மூட்டை கொண்டுவந்தேன். இரண்டே நாளில் ஊரிலிருந்த எறும்பெல்லாம் உள்நோயாளியாகச் சேர்ந்துவிட்டது. ஆறாம் பெட் ஒரு காலில் ஓடு ஒட்டிக்கொண்டு, செருப்பு போட்டதுபோல டக்டக்கென்று நடந்தது. நர்சம்மா தன் நோட்டில், 'புளியந்தோடு - ஒத்துக்கலை' என்று குறித்துக்கொண்டார்.

பரப்பியது நன்றாக இருக்கிறதா என்று பார்க்க அவரிடம் இரண்டு சோதனைகள் இருந்தன. ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துத் திறப்பார். உருண்டையாக நின்றால் ஈரம், ஃபெயில். பொலபொலவென்று உதிர்ந்தால் பாஸ். இரண்டாவது சோதனைக்கு நான் தேவை. கொட்டகைக்குள் ஸ்டூல் போட்டு என்னைப் பத்து நிமிஷம் உட்கார வைப்பார்.

"கண்ணு எரியுதுங்களா?"

"இல்லீங்க."

"மூக்கு?"

"இல்லீங்க. காலைத்தான் கொத்துது."

"அது அன்பு. உக்காருங்க."

அப்படி உட்கார்ந்திருந்தபோது ஒரு விவசாயி போன் செய்தார். பின்னால் டூட்டி டாக்டர் முழங்கியதைக் கேட்டவர், "அட, நீங்களும் நம்மாளுதானா!" என்று இரண்டு ஏக்கருக்குக் குழாய் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து முக்கியமான வாடிக்கையாளர்களை நான் கொட்டகைக்குள் போய்த்தான் அழைப்பேன்.

கடைசியில் அடியில் சுண்ணாம்பு, மேலே உமி, அதற்கும் மேலே கடலைத் தோல் என்று ஒரு முடிவுக்கு வந்தோம். எல்லாம் சுகமாகப் போய்க்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை, செல்வி தலையணை உறையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதில் ஊசிமுனை அளவில் ஏதோ ஊர்ந்தது. கோழிப்பேன். ஸ்டூலில் உட்கார்ந்து அதைப் பத்திரமாக வீட்டுக்குள் கூட்டிவந்தவன் நான்தான்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் டைமு. ஒண்ணு இந்தப் பேனு போவணும், இல்ல நாம போவணும்" என்றாள் செல்வி. சுவருக்கு அந்தப்பக்கம் நர்சம்மாவின் டி.வி. சத்தம் சட்டென்று குறைந்தது. செல்வி ஒன்று சொன்னால் சொன்னதுதான். நான் தர்மபுரியில் ஒரு மூன்றாம் மாடி வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மண்ணே தெரியாத வீடு. எனக்குப் பிடிக்கவே இல்லை.

நர்சம்மா அன்று மாலை எங்களிடம் பேசவே கூச்சப்பட்டார். "என் வார்டுலயா இப்பிடி?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் காலையில் போர் தொடங்கியது. பழைய விரிப்பு மொத்தத்தையும் வாரிக் கொளுத்தினோம். சுவருக்குச் சுண்ணாம்பு, கோழி உட்காரும் கம்புகளுக்கு வேப்பெண்ணெய், புது உமியில் காய்ந்த வேப்பிலையும் நொச்சியிலையும். பேனைக் கொல்லும் என்று, சித்தேரி மலைக்காரர் ஒருவரிடம் வாங்கி வந்த சீத்தாப்பழ விதையை என்னை உரலில் இடிக்கச் சொன்னார்.

"கண்ணுல பட்டா ஆபத்து. ஹெல்மெட்டு போட்டுக்கோங்க."

போட்டேன். கண்ணாடியை இறக்கிவிட்டு, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, கொல்லையில் குந்தி உட்கார்ந்து இடித்தேன். வேலிக்கு மேலே எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், "எங்கீங்க, வெளியூர் கெளம்பிட்டீங்களா?" என்று விசாரித்தார்.

கோழிகள் புரண்டு குளிக்க விறகுச் சாம்பல் வேண்டும், கொளுத்திய விரிப்பில் சுண்ணாம்பு கலந்திருக்கிறது, அது ஆகாது என்றார் நர்சம்மா. இதில்தான் நான் மாட்டினேன். விறகு எரிக்கிற வீடு தெருவில் ஒன்றுகூட இல்லை. ஓட்டல், டீக்கடை எல்லாம் கேஸ். இஸ்திரிக்காரர்கூட கரண்டுக்கு மாறிவிட்டார். அலைந்து களைத்து தர்மபுரியில் ஒரு பூஜைப் பொருள் கடை முன்னால் நின்றபோது, மூட்டையாக அடுக்கியிருந்த விபூதி கண்ணில் பட்டது. அதுவும் சாம்பல்தானே, கொஞ்சம் உசத்தியான சாம்பல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஒரு மூட்டை கட்டிவந்தேன்.

கோழிகள் ஆனந்தமாகப் புரண்டன. கொட்டகையே சந்தன வாசனையில் மணத்தது. நெற்றி முதல் வால் வரை வெள்ளையாக டூட்டி டாக்டர் நிதானமாக வெளியே நடந்து வந்தார். உறைமோர் வாங்க வந்த எதிர்வீட்டு அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். திங்கட்கிழமையிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்திருந்த செல்வி, கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

நர்சம்மா மட்டும் அந்தப் பொடியை இரண்டு விரலில் தேய்த்துப் பார்த்தார். "தம்பி, இது சாம்பலே இல்ல. சென்ட்டு போட்ட கல்லுப் பொடி. பேனுங்க இதை நல்லாப் பூசிக்கிட்டு மறுபடியும் கடிக்கும்."

மறுநாள் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் வெல்லம் காய்ச்சும் ஆலைக்கு ஓடினேன். ஆலைக்காரர் இலையில் சுடச்சுட வெல்லம் நீட்டினார். எனக்கு அடுப்புச் சாம்பல்தான் வேண்டும் என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே இரண்டு சாக்கு அள்ளிக்கொடுத்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் புதுச் சிக்கல். மூணாம் பெட் பத்தொன்பது நாளாக அடைகாத்துக்கொண்டிருந்தது. நர்சம்மாவின் கணக்கில் அது பிரசவ வார்டு. கூடையில் மணலும் உமியும் பரப்பி, பதினோரு முட்டை வைத்து, இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்று ஒரு துண்டு இரும்பும் இரண்டு காய்ந்த மிளகாயும்கூடப் போட்டிருந்தார். "நீங்க நர்சாச்சே, இதையெல்லாம் நம்பறீங்களா?" என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, "ஆபரேசன் தியேட்டருக்கு வெளிய சாமி படம் மாட்டறதில்லீங்களா?" என்று திருப்பிக் கேட்டார்.

அடைக்கோழி என்பதால் அதைத் தொடாமல் விட்டிருந்தோம். மிச்சமிருந்த பேனெல்லாம் அதன்மேல் ஏறிக்கொண்டது. கடி தாங்காமல் கூடையை விட்டு வெளியே குதித்து ஓடிவிட்டது. உள்ளே முட்டைகள் ஆறிக்கொண்டிருந்தன.

"செல்வி!" என்று ஒரு சத்தம் போட்டார் நர்சம்மா. வார்டையே எழுப்புகிற சத்தம். கோழியை இரண்டடி தூரத்தில் பார்த்தாலே முகம் சுளிக்கும் செல்வி, என்னவோ ஏதோவென்று ஓடிவந்தாள்.

"உக்காரு கண்ணு. மடியை விரி." தன் கம்பளிச் சால்வையை அவள் மடியில் போட்டு, பதினோரு முட்டையையும் அதில் வைத்துச் சுற்றினார். "ஆடாத. கதகதப்பாப் பிடிச்சிக்க."

நர்சம்மா மூணாம் பெட்டைப் பிடித்துச் சாம்பலும் வேப்பிலைப் பொடியும் இறகு இறகாகத் தேய்த்தார். நான் கூடையைக் கொட்டி, புது மணலும் புது உமியும் பரப்பினேன். செல்வி மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தாள். திடீரென்று அவள் கண் பெரிதானது.

"ஏங்க... உள்ளேர்ந்து கீச்சுங்குதுங்க."

"அம்மான்னு கூப்பிடுது" என்றார் நர்சம்மா, தலையைத் தூக்காமலே.

அரைமணி நேரத்தில் கோழி கூடைக்குத் திரும்பியது. முட்டையைத் திருப்பிக் கொடுக்கத்தான் செல்விக்கு மனசு வரவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் தலையணையில் ஒரு பேன்கூட இல்லை. ஆனால் பத்து மணிக்கு ஒரு கோழி வியாபாரி, வண்டியின் இரண்டு பக்கமும் காலிக் கூண்டு கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். பதினாலு கோழி, ஒரு சேவல், மொத்தமாக எடுத்துக்கொள்ளச் சொல்லி நர்சம்மா திங்கட்கிழமையே போன் செய்திருந்தாராம்.

"என்னங்கம்மா இது?" என்றேன்.

நர்சம்மா கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே இருந்தார். "மருந்து கேக்கலைன்னா என்ன பண்றதுன்னு அன்னிக்கே சொல்லி வச்சேன் தம்பி. கோழி நாளைக்கு வேற வாங்கிக்கலாம். நீங்க போயிட்டா, நான் யாரைத் திட்டறது?"

செல்வி நேராக வாசலுக்குப் போனாள். "அண்ணா, இங்க பிரசவம் நடக்குது. யாரையும் அனுப்பறதா இல்ல. நீங்க கெளம்புங்க" என்று கேட்டைச் சாத்திக் கொண்டியைப் போட்டாள்.

சனிக்கிழமை ஒன்பது குஞ்சு பொரிந்தது. மூன்றாம் மாடி வீட்டுக்காரருக்கு நான் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். நல்லம்பள்ளியிலேயே நாலு வருஷம் இருந்தோம். வேலை மாற்றலாகி இப்போது ஓசூரில் இருக்கிறோம். எத்தனையோ வீட்டுக்காரர்களைப் பார்த்துவிட்டேன், எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனால் உயிருக்கு உயிரான ஒன்றை எங்களுக்காக விட்டுக்கொடுக்கத் துணிந்து, அதைச் சொல்லிக்காட்டாமல் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு நின்றவர் நர்சம்மா ஒருவர்தான்.