மூன்று டிகிரிப் பேய்

தாம்பரத்தில் பேய் பார்க்க வேண்டுமானால் இப்போதெல்லாம் சுடுகாட்டுக்குப் போக வேண்டியதில்லை. படப்பை ரோட்டில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் டோக்கன் வாங்கினால் போதும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த மாடிப்படியில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் ரேஷன் கடைக்கே பொறாமை வரும். எல்லார் கையிலும் வெற்றிலை, எலுமிச்சம்பழம். வெற்றிலைக்கு நடுவில் மஞ்சள் தடவிய மெமரி கார்டு.

மாடியில் வீற்றிருந்தவர் டிஜிட்டல் சித்தர் ஏகநாதன். இடுப்பில் காவி, காதில் ப்ளூடூத். அவர் முன்னால் மணைப்பலகையில் ஒரு கருவி. உள்ளங்கை அகலத் திரை, பக்கத்தில் கார்டு செருக ஒரு துளை, அவ்வளவுதான். காட்டில் மரத்தில் கேமராவைக் கட்டி வைத்து மிருகங்களைப் படமெடுக்கிறவர்கள், கார்டைக் கழற்றி அங்கேயே படம் பார்த்துக்கொள்ள வைத்திருக்கும் வியூவர் அது. ஏகநாதன் அதற்கு வெள்ளிக் கவசம் பூட்டி, கீழ்ப்பாதியில் சந்தனத்தை அப்பி, 'ஆவித்திரை' என்று பெயர் சூட்டியிருந்தார். உங்கள் கேமரா கார்டை அதில் செருகினால், வேறு எதிலும் தெரியாத பேய் அதில் மட்டும் தெரியும். தெரியாமல் போனதாகச் சரித்திரமே இல்லை. நூற்றுக்கு நூறு தேர்ச்சி.

நானும் அந்த வரிசையில் நின்றவன்தான், மறைக்க மாட்டேன். என் பெயர் ஜெயகிருஷ்ணன். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எதையும் நிரூபித்துக் காட்டினால்தான் மார்க் போடுவேன் என்று இருபது வருடமாகப் பிள்ளைகளை மிரட்டிக்கொண்டிருப்பவன். வாத்தியார் பரீட்சை எழுதினால் என்ன லட்சணத்தில் எழுதுவான் என்பதற்கு நானே சாட்சி.

விஷயம் எங்கள் மாடம்பாக்கம் காலனியில் தொடங்கியது. காலனிச் சங்கத் தலைவர் பத்ரிநாராயணன், வங்கியில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி காமு மாமிக்கு ஒரு மாதமாக மொட்டை மாடியில் சலங்கைச் சத்தம் கேட்டது. மாமி தூக்கம் போய் இளைத்துவிட்டார். சங்கம் கூடி, அசைவது எதுவானாலும் தானே படமெடுக்கும் காட்டுக் கேமரா ஒன்றை வாங்கி, மாமி வீட்டை ஒட்டிய காலனியின் மேற்கு வாசலில் கட்டியது. கார்டில் படங்கள் சேர்ந்தன. அந்தக் கார்டைப் போட்டுப் பார்க்கச் சங்கத்துக்கு ஒரு வியூவர் தேவைப்பட்டது.

எந்த வியூவர் வாங்கலாம் என்று எங்கள் காலனியில் குடியிருக்கும் விலங்கியல் பேராசிரியை மிருதுளாவைக் கேட்டோம். வண்டலூர் பக்கத்துக் காட்டில் நரி எண்ணுகிற பெண். நம் கார்டை அது படிக்கிறதா, வெயிலில் திரை தெரிகிறதா, வீடியோ ஓடுகிறதா, தீர்ந்தால் தெருமுனைக் கடையில் கிடைக்கிற பேட்டரியா, இந்த நான்கையும் பார்த்து வாங்குங்கள் என்றாள். இவ்வளவு சுலபமாகச் சொன்னால் யார் மதிப்பார்கள்? தலைவர் என் காதில், "ராசியைப் பத்தி ஒரு வார்த்தை பேசலையே சார்" என்று கவலைப்பட்டார்.

ஆகவே மாமியையும் கூட்டிக்கொண்டு படப்பை ரோட்டுக்குப் போனோம். அங்கே ராசி இருந்தது. மேஷத்துக்கு மூன்று அங்குலத் திரை, துலாமுக்கு நான்கு, அஷ்டமத்துச் சனி நடந்தால் கவசம் கட்டாயம். கூட்டு நிறுவனம் என்றால் யார் ராசியைப் பார்ப்பது என்று தலைவர் கேட்டார். சங்கம் பதிவான நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டுமாம். பதிவுச் சான்றிதழைத் தேடி எடுத்தோம். எங்கள் சங்கம் பரணி.

கையோடு எங்கள் கார்டையும் ஆவித்திரையில் செருகினார் சித்தர். கண்ணை மூடினார், முனகினார், பித்தானை அழுத்தினார். திரையில் மரங்களுக்கு நடுவே வெள்ளையாக ஓர் உருவம். முகம் இல்லை. தலையில் முக்காடு. காமு மாமி என் கையைப் பிடித்த பிடியில் வளையல் தடம் விழுந்தது.

அது கடலில் செத்த பெண்ணின் ஆவி என்றார் ஏகநாதன். மீன் கூடையோடு கரையேறி வந்து மேற்கு வாசலில் குடியிருக்கிறது, கூடை போனால் ஆவியும் போகும் என்றார். மேற்கு வாசலில் கூடை வைப்பவள் அங்காளம்மா ஒருத்திதான். கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து வருகிறவள். அந்த மீன் வாடையைப் பற்றித் தலைவர் ஐந்து வருடமாகப் புலம்புகிறார், மாடிப்படியில் காத்திருந்தபோதும் புலம்பினார். ஆவிகள் எப்போதுமே சங்கத் தலைவர்கள் நினைப்பதையே நினைக்கின்றன, கவனித்திருக்கிறீர்களா?

மறுநாளே தீர்மானம். மேற்கு வாசலில் மீன் கூடை கூடாது. எல்லாரும் கை தூக்கினோம். பதினோரு வருடமாக ஞாயிறு தவறாமல் அவளிடம் சங்கரா வாங்கித் தின்ற கையைத்தான் நானும் தூக்கினேன்.

விஷயம் தெரிந்ததும் அங்காளம்மா என்னைத் தேடி வீட்டுக்கே வந்தாள். அழவில்லை.

"இன்னா வாத்யாரே, நீயும் கை தூக்கினியாமே" என்றாள். "அக்கம்பக்கத்து வாசல்ல எல்லாம் ஆள் குந்திகினு கீறாங்கோ. இது போச்சின்னா எனுக்கு வேற வாசல் இல்ல. எம் பொழப்புல பேய் கீதுன்னு ஒருத்தன் சொன்னா, எங்க கீது காட்டுன்னு ஒரு ஆள்கூடவா கேக்கல?"

மிருதுளாவைப் போய்ப் பார் என்று மட்டும் சொன்னேன். நான் செய்த ஒரே நல்ல காரியம் அது.

அடுத்த ஞாயிறு காலை காலனிப் பூங்காவில் ஷாமியானா போட்டார்கள். சங்கத்துக்கு வியூவர் தேர்ந்தெடுக்கும் பூஜை. ஏகநாதன் காரில் வந்து இறங்கினார். தட்டில் மூன்று வியூவர்கள், மூன்றுக்கும் மாலை. அங்காளம்மா கூடையோடு கடைசியில் வந்து நின்றாள். யாரும் நாற்காலி போடவில்லை.

பூஜைக்கு முன் மிருதுளா காமு மாமியிடம் ஒரு சின்னப் பிளாஸ்டிக் உறையைக் கொடுத்து, "மாமி, எனக்கு நகமே இல்ல, இதைக் கொஞ்சம் கிழிச்சுத் தாங்களேன்" என்றாள். மாமி கிழித்துக் கொடுத்தார். உள்ளே இருந்த கார்டை மிருதுளா சித்தரிடம் நீட்டி, இதிலும் ஆவி இருக்கிறதா என்று பணிவாகக் கேட்டாள். ஏகநாதன் கார்டைச் செருகினார், முனகினார், அழுத்தினார். அதே மரங்கள், அதே முக்காடு. கூட்டம் கும்பிட்டது.

"சார், இது நேத்து குரோம்பேட்டையில வாங்கின புது கார்டு" என்றாள் மிருதுளா. "இன்னும் எந்த கேமராவிலயும் போடலை. உறையைக் கிழிச்சதே மாமிதான். காலி கார்டுல ஆவி எப்படி வந்தது?"

மாமி கையிலிருந்த கிழிந்த உறையைப் பார்த்தார். கூட்டம் சித்தரைப் பார்த்தது. இதோடு கதை முடிந்தது என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எனக்கு என் மக்களைப் பற்றி இன்னும் சரியாகத் தெரியவில்லை.

ஏகநாதன் சிரித்தார். ஆவி கடையிலேயே கார்டில் ஏறிவிட்டது, அவ்வளவு உக்கிரம் என்றார். "நான் அப்பவே நினைச்சேன்" என்றார் தலைவர். சுற்றி இருந்தவர்களும் அப்போதே நினைத்திருந்தார்கள். குரோம்பேட்டைக் கடைக்கு ஒரு பரிகாரம் செய்யலாமா என்றுகூட ஒருவர் விசாரித்தார். எனக்கு ஆத்திரம் பொங்கியது. அவர்கள் மேல் பாதி, என் மேல் பாதி.

அப்போதுதான் அங்காளம்மா கூடையோடு முன்னால் வந்தாள். கூடையிலிருந்து ஒரு வஞ்சிரத்தை எடுத்துச் செவுளைத் தூக்கினாள்.

"பதினோரு வருசமா எங்கிட்ட மீன் வாங்குறீங்கோ. ஒரு நாளாச்சும் செவுளத் தூக்கிப் பாக்காம வாங்கிகீறீங்களா? செவப்பா இல்லன்னா மூஞ்சிலயே வுட்டெறிவீங்கோ. அந்த வெள்ளிச் சட்டைய மட்டும் ஏன் ஒருத்தரும் தூக்கிப் பாக்கல?"

கவசத்தை எடுத்தால் வம்சத்துக்கே தோஷம் என்று ஏகநாதன் கருவியை மடியில் வைத்துக்கொண்டார். தோஷம் என்றதும் ஷாமியானாவில் ஒரு தலைகூட அசையவில்லை. அசைந்தது காமு மாமிதான். ஒரு மாதமாகத் தூங்காத கண்.

"எனக்குத்தானே தூக்கம் போச்சு. நானே பார்க்கறேன், குடுங்கோ" என்று பிடுங்கி, உறையைக் கிழித்த அதே நகத்தால் கவசத்தை நெம்பினார். சந்தனம் பாளம் பாளமாக விழுந்தது.

கவசத்துக்கு அடியில் இரண்டாவதாக ஒரு துளை. அதில் இன்னொரு கார்டு. நாம் எந்தக் கார்டைச் செருகினாலும் திரையில் தெரிவது அதில் இருப்பதுதான். இதுவரை சந்தனம் மறைத்திருந்த கீழ்ப்பாதித் திரையும் இப்போது வெளியே வந்தது. மரங்களுக்கு நடுவே முக்காடு போட்ட ஆவி. ஆவியின் கையில் ஒரு வார். வாரின் முனையில் குட்டையான ஒரு நாய். வெள்ளை மழைக்கோட்டைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு எந்த ஊரிலோ ஒரு மனிதர் தன் நாயை நடத்திக்கொண்டு போகிறார். படத்தின் அடியில், காட்டுக் கேமரா வழக்கமாகப் பொறிக்கும் தேதியும் நேரமும் வெப்பநிலையும். மாமி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உரக்கப் படித்தார்.

"மூணு டிகிரி."

மே மாதம். ஷாமியானாவுக்குக் கீழே எல்லார் சட்டையும் முதுகில் ஒட்டியிருந்தது. முதலில் யாரோ பின்னால் சிரித்தார்கள், பிறகு காலனியே சிரித்தது. தலைவர் மட்டும், அமாவாசையில் குளிர் கொஞ்சம் கூடும் என்று சொல்லிப் பார்த்தார். சித்தர் கார் ஏறும்போது காவியும் ப்ளூடூத்தும்தான் கூடப் போயின. மாலை போட்ட மூன்று வியூவர்களும் மாலையோடு எங்களிடமே தங்கிவிட்டன. படப்பையில் அவர் முன்பு செல்போன் ரிப்பேர் பார்த்தவர் என்பது பிறகு தெரிந்தது. கைத்தொழில் நன்றாகத்தான் தெரிந்திருக்கிறது.

எங்கள் பழைய கார்டை மிருதுளா தன் சாதாரண வியூவரில் போட்டுக் காட்டினாள். மதில் மேல் நீள வாலோடு ஒரு மரநாய், வாயில் மாமி வீட்டு வாழைப்பழம். நேரே மாடிக்குத்தான் ஏறுகிறது. போன நவராத்திரிக்குக் கட்டிய சலங்கைத் தோரணம் அவிழ்க்கப்படாமல் அங்கே கிடந்தது. மாமி அன்றே தோரணத்தை அவிழ்த்தார். அன்றே தூங்கினார். தீர்மானத்தைத் தலைவரே கிழித்தார். மாலை போட்ட மூன்றையும் நம்பாமல் சங்கம் புதிதாக வாங்கிய வியூவருக்கு ராசி இல்லை, பேட்டரி இருக்கிறது.

அடுத்த ஞாயிறு மேற்கு வாசலுக்குப் போனேன். அங்காளம்மா அதே இடத்தில் குந்தியிருந்தாள். கை தூக்கிய வெட்கத்தில், சங்கராவைச் செவுள் பார்க்காமலே போடச் சொன்னேன். உன்மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது என்றும் பெருமையாகச் சொன்னேன்.

அவள் மீனைத் தராசில் வைக்கவில்லை. என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இந்தப் பேஜாரே வாணாம் வாத்யாரே. எவன் கொடுத்தாலும் தூக்கிப் பாரு. நா கொடுத்தாலும் பாரு."

பார்த்தேன். சிவப்பாகத்தான் இருந்தது. நீங்களும் அடுத்த முறை எதற்காவது கை கூப்புவதற்கு முன்னால், ஒரு மீனுக்குக் காட்டுகிற சந்தேகத்தையாவது அதனிடம் காட்டுங்கள்.