சர்வரின் ஆழ்ந்த இரங்கல்

கொழுந்து பறிக்கும் மூக்கம்மாவின் மாமியார் அன்று காலை மூன்றாவது முறையாக இறந்தார்.

எஸ்டேட் ஆபீஸின் தலைமை கிளார்க் ஹெர்பர்ட் கம்ப்யூட்டர் திரையை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எழுதிய புரோகிராம், அவரை ஒரு வார்த்தை கேட்காமல், பச்சை எழுத்தில் பதில் போட்டிருந்தது: 'ஆழ்ந்த இரங்கல். இரண்டு நாள் லீவு அனுமதிக்கப்படுகிறது.'

"ஏனுங்க சார், அந்தம்மா இப்பத்தான் லைன் வீட்டு வாசல்ல உக்காந்து முறுக்கு தின்னுட்டிருந்துச்சு" என்றார் சூப்பர்வைசர் தினகரன்.

"எனக்குத் தெரியும் தினகரன். சர்வருக்குத் தெரியாதே."

குன்னூருக்கு மேலே இருக்கும் அந்த எஸ்டேட்டுக்கு முன்பே ஒரு வெப்சைட் உண்டு. அதில் ஒரு தேயிலைச் செடியும் மேனேஜர் நவநீதனும் இருந்தார்கள். இரண்டுமே அசையாது.

"அது ஸ்டேட்டிக் சார். பிரேம் போட்டு மாட்டின போட்டோ மாதிரி. நான் டைனமிக்கா பண்றேன். யார் என்ன கேக்கறாங்கன்னு பாத்து, சர்வரே கணக்குப் போட்டுப் பதில் சொல்லும்" என்று ஹெர்பர்ட் வாக்குக் கொடுத்திருந்தார்.

வயது ஐம்பதைத் தாண்டியவர். கரெண்டும் நெட்டும் ஒன்றாக வரும் அபூர்வமான மாலைகளில் வீடியோ பார்த்துப் பிஎச்பி என்ற கம்ப்யூட்டர் மொழியைப் படித்தார். புரோகிராமில் எங்கோ விட்டுப்போன ஒரு அரைப்புள்ளியைத் தேடி ஒரு கிறிஸ்துமஸையே விட்டுவிட்டவர். படித்து முடித்தபின் மனிதர்களை இரண்டே சாதியாகப் பிரித்தார்: ஸ்டேட்டிக், டைனமிக். பங்குச்சாமியார் உட்படப் பெரும்பாலானோர் ஸ்டேட்டிக்கில் விழுந்தார்கள்.

முதல் வேலையாக லீவு விண்ணப்பத்தை சைட்டில் ஏற்றினார். கொழுந்து மும்முரமாக வரும் சீசனில் சாவைத் தவிர வேறு எதற்கும் லீவு கிடையாது என்பது நவநீதனின் சட்டம். அதையும் ஏற்றினார். முன்பெல்லாம் ஹெர்பர்ட்டின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வேண்டியிருந்தது. பலருக்கு நாக்குக் குழறும். இப்போது போனில் தட்டினால் போதும். சர்வரிடம் என்ன கூச்சம்?

எஸ்டேட் பால்வாடியில் ஆயாவாக இருக்கும் அவர் மனைவி ஜெஸிந்தா மட்டும் நேரில் கேட்டுப் பார்த்தார்.

"ஏனுங்க, நம்ம பொண்ணு ஹன்னா நிச்சயத்துக்கு ஆயிரம் வேலை கெடக்குது. எனக்கு லீவு சொல்லி வையுங்களேன்."

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். சைட்ல போடு. சர்வருக்குப் பொண்டாட்டி புள்ளை கிடையாது."

"அதுக்கு இல்லாட்டிப் போகுது. உங்களுக்கு இருக்குதுங்களே?"

அதற்குப் பிறகு ஜெஸிந்தா கேட்கவில்லை. ஊட்டிக்குப் போய்ச் சேலை எடுத்து வந்தார். மோதிரம் வந்தது. மண்டபத்துக்குச் சொல்லியாகிவிட்டது. எப்படி என்று விசாரிக்க ஹெர்பர்ட்டுக்கு நேரமில்லை. அவர் மரணத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு தடவை செத்தவங்க மறுபடி சாக முடியாதபடி பண்றேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு விதி எழுதினார்.

மறுநாளிலிருந்து சித்தப்பாக்கள் விழ ஆரம்பித்தார்கள். பிறகு ஒன்றுவிட்ட அத்தைகள், மச்சினனின் மாமனார்கள், பெயரே தெரியாத பெரிய தாத்தாக்கள். தமிழில் உறவுக்கா பஞ்சம்? கொள்ளை நோய் வந்த ஊர் போல ஆனது எஸ்டேட்.

ஹெர்பர்ட் தளரவில்லை. எஸ்டேட் குடும்பப் பதிவில் பெயர் உள்ளவர் மட்டுமே இனி இறக்கலாம் என்று அடுத்த விதி எழுதினார். அன்றிலிருந்து சாவு வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. அம்மாக்கள் போனார்கள், அப்பாக்கள் போனார்கள், போனவர்கள் எல்லாரும் சாயங்காலம் ரேஷன் கடையில் வரிசையில் நின்றார்கள்.

"இனி பாருங்க தினகரன். செத்தவங்களை எல்லாப் பதிவுலயும் மூடிடறேன். வருசத்துக் கம்பளி கிடையாது, சம்பளம் கிடையாது, லீவு கிடையாது."

கம்பளி கொடுக்கும் நாளன்று மூக்கம்மாவின் மாமியார் ஆபீஸுக்குள் நேராக வந்து நின்றார்.

"யாருப்பா என் கம்பளிய நிறுத்தினது?"

"சிஸ்டம்ல நீங்க காலமாயிட்டீங்கம்மா."

"எப்ப?"

"மூணு தடவைங்க."

"ஒரு தடவைக்காச்சும் எனக்குச் சொல்லி அனுப்பியிருக்கலாமில்ல? சரி, இப்ப எழுப்பி உடு."

"உயிர்த்தெழறதுக்கு இன்னும் புரோகிராம் எழுதலீங்கம்மா."

கிழவி திட்டிய திட்டு ஃபேக்டரி வரை கேட்டது. ஆனால் பலன் இருந்தது. கம்பளி போய்விடும் என்ற பயத்தில் எஸ்டேட்டில் சாவு சட்டென்று நின்றது. நவநீதன் பூரித்துப்போனார். சைட்டைக் காட்டப் பக்கத்து எஸ்டேட் மேனேஜர்களையெல்லாம் வரவழைத்துவிட்டார்.

"சனிக்கிழமை உங்க பொண்ணு நிச்சயம்தானே ஹெர்பர்ட்? 'சுபகாரியம்'னு ஒரு காரணத்தை இன்னிக்கு மட்டும் சேத்துக்குங்க. எல்லார் முன்னாடியும் நீங்களே அப்ளை பண்ணுங்க. ஆனா ஒண்ணு, சைட் ஓகேன்னாத்தான் நானும் ஓகே. அங்க இல்லைன்னா நீங்க சனிக்கிழமை இந்த நாற்காலியிலதான்."

"பிரச்சினையே இல்லீங்க சார்."

அன்று காலை சைட்டில் ஒரே ஒரு மரணம் பதிவாகியிருந்தது. யார் என்று ஹெர்பர்ட் பார்க்கவில்லை. பார்ப்பதற்குத்தானே சர்வர்.

கோட்டுப் போட்ட மேனேஜர்கள் வட்டமாக நின்றார்கள். ஹெர்பர்ட் தொண்டையைச் செருமிக்கொண்டு, "டைனமிக் என்பது யாதெனில்" என்று தொடங்கி, டீ ஆறும்வரை பேசி, கடைசியில் பட்டனைத் தட்டினார்.

'விண்ணப்பதாரர் ஹெர்பர்ட் காலமானார். ஆழ்ந்த இரங்கல். லீவு தேவைப்படாது.'

ஓரத்தில், அவரே ஆசையாகச் சேர்த்த சாமந்தி மாலைப் படம்.

தினகரன் தன்னையறியாமல் குல்லாவைக் கழற்றினார்.

"என்ன ஹெர்பர்ட் இது?" என்றார் நவநீதன்.

"எங்கியோ ஒரு அரைப்புள்ளிங்க சார். ஒரே நிமிசம்!" ஹெர்பர்ட் வியர்க்க வியர்க்கப் புரோகிராம் வரிகளை மேலும் கீழும் உருட்டினார். எல்லாம் சரியாக இருந்தது. ஒவ்வொரு விதியும் அவர் எழுதியபடியே வேலை செய்துகொண்டிருந்தது.

கதவருகே ஜெஸிந்தா கட்டைப்பையோடு வந்து நின்றார்.

"ஏனுங்க, ஊட்டுச் சாவி. நான் குன்னூர் பஸ்ஸுக்குப் போறேன், நிச்சயப் பலகாரத்துக்குச் சொல்லணும்."

"உனக்கு யாரு லீவு குடுத்தா?"

"உங்க சர்வருதாங்க. சேலைக்கு உங்கப்பா, மோதிரத்துக்கு உங்கம்மா, மண்டபத்துக்கு எங்கம்மா, எல்லாரும் முடிஞ்சாங்க. ஹன்னாவப் போட மனசு வரலீங்க, மிச்சம் நீங்கதான் இருந்தீங்க."