மாப்பிள்ளையின் கணுக்கால்

முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தே ஆளைச் சொல்லக்கூடிய ஒரே ஜீவன், தென்காசி ஜில்லாவிலேயே எங்கள் லேடீஸ் ஹாஸ்டல் 'கணுக்கால்'தான். பிசியோதெரபிஸ்ட். அச்சன்புதூர்க்காரி. வீட்டில் வைத்த பெயர் அவளுக்கே மறந்திருக்கும்.

சீசனில் என்னைக் குற்றாலத்துக்கு இழுத்துப் போவாள், குளிக்க அல்ல. சாரலில் நனைந்தபடி, எண்ணெய் வழிய அருவிக்குப் போகிற கால்களையே கிறங்கிப்போய்ப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"ஏட்டி, கணுக்காலுக்கு வெளிப்பக்கம் மூணு ஜவ்வு. உள்பக்கம் விசிறி மாதிரி ஒண்ணு, நல்ல கெட்டி. வெளிய முன்னால இருக்கது பாவம், மெலிசு. கால் பெரண்டா அதுதான் மொதல்ல அடி வாங்கும்" என்பாள், கஷ்டப்படுகிற சித்தி மகளைப் பற்றிச் சொல்வதுபோல.

இலஞ்சி முருகன் கோயிலில் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். துணைக்கு நான். மாப்பிள்ளை போலீஸ்காரர், எஸ்.ஐ. ஆவதற்கு அவர் ஓடிக் காட்ட வேண்டிய உடல்தகுதித் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் பிராகாரத்தில் நாலு அடி வைத்ததுமே இவள் ஓடிப்போய் அவர் காலடியில் உட்கார்ந்தாள். ஆசீர்வாதம் வாங்குகிறாள் என்று மாப்பிள்ளையின் அம்மா பூரித்துப்போனார்.

"எங்கன விழுந்தீங்க?"

"ஐந்தருவில வழுக்கிட்டு. அம்மாட்ட சொல்லிராதீங்க" என்று கிசுகிசுத்தார்.

"ஜவ்வு கிழிஞ்சிருக்கு! இப்ப ஓடுனா மொத்தமும் போயிரும்!" என்று கோயிலுக்கே கேட்கும்படி சொன்னாள்.

"எம் மவன் மூஞ்சிய இன்னும் ஏறிட்டுப் பாக்கல, அதுக்குள்ள நொண்டிங்கா!" என்று வெடித்தார் மாப்பிள்ளையின் அம்மா.

சம்பந்தம் அங்கேயே முறிந்தது. திரும்பும்போது ஆட்டோவில், "நல்ல மனுசனா தெரிஞ்சாருடீ" என்று வயலைப் பார்த்துச் சொன்னாள். கண் கலங்கியிருந்தது.

கொஞ்ச நாளில் அவர் தனியாக அவளுடைய கிளினிக்குக்கு வந்தார். ஓட்டத்துக்குப் போகவில்லையாம். வீக்கம் வடிந்து, கால் ஊன்ற முடிந்த பிறகு, கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னாள். அன்றைக்கு நானும் இருந்தேன்.

"பாதம் எங்கன இருக்குன்னு மூளைக்குச் சொல்லுததும் ஜவ்வுதான். கிழிஞ்சா மறந்துரும். திரும்பப் பழக்கணும்."

ஜன்னல் வழியாகச் சாரல் தெறித்தது. அவர் கொக்குபோல ஆடினார். விழுந்தால் பிடிக்க, தொடாமல் இரண்டு கையையும் விரித்தபடி அவள் நின்றாள்.

"போதுமா?"

"இன்னும் கொஞ்சம்."

அந்தக் கொஞ்சம் கணுக்காலுக்காக இல்லை என்பது எனக்கே புரிந்தது.

கல்யாணம் நடந்தது. தன் முழங்கால் வலிக்கு வைத்தியம் பார்க்க வீட்டிலேயே ஆள் கிடைத்ததில் மாமியார் கோபம் ஆறிவிட்டது. அடுத்த தேர்வில் அவர் ஓடி ஜெயித்தார்.

இப்போது அவர்கள் செங்கோட்டையில். போன் செய்தால், "கால் எப்படிடீ இருக்கு?" என்பாள். ஒன்றுமே இல்லாவிட்டாலும், "லேசா வலிக்கு" என்பேன். அப்போதுதான் சீக்கிரம் போனை வைக்காமல் பேசிக்கொண்டே இருப்பாள்.