பொட்டு வைத்த மின்முனை

கோவை வட்டாரத்தில் அசையாத பொருள்கள் இரண்டு. ஒன்று மருதமலை. மற்றொன்று காளிச்சாமி நீர் ஆய்வகத்தின் கடத்துதிறன் அளவு. மலை ஆதியிலிருந்தே அப்படி. அளவு, சென்ற ஆயுத பூசைக்குப் பின் ஒரே ஒரு நாள்.

அதற்கு முன் அது அலைந்துகொண்டிருந்தது. தண்ணீரில் உப்பு கூடினால் மின்சாரம் கூடுதலாகப் பாயும். அதை எண்ணாகச் சொல்வது மீட்டரின் பணி. காலையில் ஓர் எண் சொல்லும், மதியம் வேறோர் எண். ஆய்வாளர் சண்முகப்பிரியாவின் வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால், ஆய்வகத்துக்கு அங்கீகாரம் தரும் அதிகாரியின் முன் ஒரே தண்ணீர் மூன்று முறையும் ஒரே எண்ணைக் காட்டியாக வேண்டும். முதலாளி காளிச்சாமியின் உத்தரவு.

அவள் அற்பமான வழிகளில் முயன்றாள். மீட்டரிலிருந்து தண்ணீருக்குள் முக்கும் மின்முனையைக் காய்ச்சி வடித்த நீரில் கழுவினாள். தண்ணீரின் சூட்டை மாறாமல் வைத்தாள். ஒட்டிய குமிழியைத் தட்டிவிட்டாள். எண் அடங்கத் தொடங்கியது. அவ்வளவு எளிய தீர்வை எந்த நிர்வாகம்தான் ஏற்கும்?

ஆயுத பூசை வந்தது. கருமத்தம்பட்டியில் விசைத்தறி ஓட்டிய காலத்தில் ஒரு திருகாணியைக்கூடப் பொட்டில்லாமல் விட்டதில்லை காளிச்சாமி. தராசுக்கு வைத்தார். குளிர்பெட்டிக்கு வைத்தார். மின்முனையின் நுனியில் இரண்டு சின்ன உலோகத் தகடுகள் இருந்தன. இரண்டுக்கும் பாரபட்சமின்றிச் சந்தனத்தை அப்பி, எண்ணெயில் குழைத்த குங்குமத்தை அதன்மேல் வைத்தார். விடுமுறையில் அது நன்றாகக் காய்ந்தது.

விடுமுறை முடிந்த அன்றே அதிகாரி பிரான்சிஸ் வந்தார். கூடவே சாயப்பட்டறை முதலாளி நரசிம்மலு, பட்டறையில் சுத்திகரித்த தண்ணீருடன் வந்தார். ‘தூய நீர்’ என்று சான்று கிடைத்தால் பக்கத்துத் தென்னந்தோப்பில் அதைத் திறந்துவிடலாம். தண்ணீர் இளநீலமாக இருந்தது.

சண்முகப்பிரியா அளந்தாள். பூச்சியம். மறுபடி பூச்சியம். மூன்றாம் முறையும் பூச்சியம்.

அவள் நுனியைப் பார்த்தாள்.

“ஏனுங்க சார், முனையில சந்தனம் காஞ்சு கெடக்குதுங்க. கரண்டே பாயலைங்க. கழுவிப்போட்டு அளக்கட்டுங்களா?”

“ஏன் அம்மணி, பூசையில வெச்ச பொட்டை யாராச்சும் அழிப்பாங்களா?” என்றார் காளிச்சாமி. “மூணு தடவையும் ஒண்ணாத்தான வந்துச்சு?”

“வந்துச்சுங்க. ஆனா தண்ணி நீலமா இருக்குதுங்க.”

“வானங்கூட நீலந்தானுங்க அம்மணி,” என்றார் நரசிம்மலு. “அதை யாரு அழுக்குங்கறாங்க?”

பிரான்சிஸ் மீட்டரின் முன் கைகட்டி நின்றார். “எத்தனையோ லேப் பாத்திருக்கேனுங்க. எங்கயும் கடைசி எண்ணாச்சும் ஆடுமுங்க. இங்க ஆடறதுக்கு எண்ணே இல்லீங்க.”

அறிவியல் அந்தக் கணத்தில் முழுமை அடைந்தது. நெகிழ்ந்துபோன காளிச்சாமி பணி நிரந்தர உத்தரவில் அங்கேயே கையெழுத்திட்டு நீட்டினார்.

“இந்தா கண்ணு. இனி நீயும் நரசிம்மலு அண்ணனோட தண்ணி ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டுரு. அண்ணனுக்கு நேரமாச்சு.”

சண்முகப்பிரியா உத்தரவை வாங்கி முதலில் தன் பைக்குள் வைத்தாள். பிறகு ரிப்போர்ட்டைப் படித்தாள். ‘உப்பு இல்லை. மிகத் தூய நீர்.’ பேனாவைத் திறந்தாள். ஏதோ நினைவுக்கு வந்தவளாக உள்ளே போய் மூன்று எவர்சில்வர் டம்ளர்களுடன் திரும்பினாள்.

“மன்னிச்சுக்குங்க. வந்தவங்களுக்கு ஒரு வாய் தண்ணிகூடக் குடுக்கலைங்க.”

நரசிம்மலுவின் பாட்டிலிலிருந்தே மூன்றையும் நிரப்பினாள். 

“குடிங்க. நம்ம கணக்குக்குச் சிறுவாணித் தண்ணியெல்லாம் இதுக்குப் பக்கத்துலயே வர முடியாதுங்க.”

நரசிம்மலு டம்ளரைப் பார்த்தார். “இப்பத்தானுங்க குடிச்சுப்போட்டு வந்தேன்.”

“நானும் இப்பத்தானுங்க குடிச்சேன்,” என்றார் பிரான்சிஸ்.

காலையிலிருந்து அந்த அறையைவிட்டு அசையாத காளிச்சாமி தொண்டையைச் செருமினார். “நானும் இப்பத்தான் அம்மணி குடிச்சேன்.”

சண்முகப்பிரியா பேனாவை மூடினாள். மின்முனையை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள். யாரும் தடுக்கவில்லை.

அந்த ஆய்வகம் அன்று எடுத்த நம்பகமான அளவு அது ஒன்றுதான். ஒரே தண்ணீர், மூன்று முறை, ஒரே விடை.