குழுவுக்குப் போன குறட்டை

"குறட்டைப் பதிவை எங்க நம்பருக்கு அனுப்பிடுங்க சார். டாக்டர் கேட்டுட்டுதான் உள்ள கூப்பிடுவார்," என்றாள் மருத்துவமனை வரவேற்பில் இருந்த பெண்.

பியோ கியூசோக் போனை எடுத்தார். கொரியாவின் தேஜோன் நகரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். மூக்கில் கத்தி வைப்பார்கள் என்று நினைத்தாலே வியர்த்துவிடும். "உங்க குறட்டையால பதினாறு வருஷமா நான் கண்ணை மூடல," என்று மனைவி மிசுக், இரண்டு தலையணைகளுக்கும் நடுவே அவர் போனை வைத்து, ஐந்து இரவுகளைப் பதிவு செய்திருந்தாள்.

முதல் இரவின் பதிவைத் தேர்ந்து 'பகிர்' என்பதைத் தொட்டார். வரிசையாகப் பெயர்கள் வந்தன. அவசரத்தில் விரல் முதல் பெயரில் பட்டுவிட்டது. அது அவர்கள் அடுக்குமாடியின் குழு. அறுபது வீடு.

"ஐயோ!"

அவசரமாக 'நீக்கு' என்று அழுத்தினார். மறைந்தது. அப்பாடா என்று பெருமூச்சு விட்டபின்தான் கீழே இருந்த சின்ன எழுத்தைப் படித்தார்: 'உங்கள் போனிலிருந்து மட்டும் நீக்கப்பட்டது.'

மிசுக்கை அழைத்தார்.

"என்னங்க பண்ணித் தொலைச்சீங்க! யாரும் திறக்க வேணாம்னு உடனே எழுதுங்க!"

'தயவுசெய்து அந்தப் பதிவைக் கேட்காதீர்கள். எங்கள் படுக்கையறையில் எடுத்தது,' என்று எழுதினார்.

அதுவரை யாரும் சீந்தாமல் கிடந்த பதிவை அத்தனை பேரும் திறந்தார்கள்.

"படுக்கையறைன்னு எதுக்குங்க எழுதினீங்க?" என்று மிசுக் போனில் அலறினாள். "அது தப்பா வந்துடுச்சுன்னு சொல்லி, வேற ஏதாவது பதிவை அனுப்புங்க. போன வாரம் மலையில அருவிச் சத்தம் எடுத்தீங்களே!"

நல்ல யோசனைதான். பதிவுச் செயலியைத் திறந்து அருவியைத் தேர்ந்தெடுத்தார். அது விடாமல் கேள்வி கேட்டது. எந்த வடிவம்? எந்தத் தரம்? இதுவா, எல்லாமா? கேள்வி எப்படியாவது முடிந்தால் போதும் என்று 'எல்லாம்' என்றார்.

அருவி போனது. கூடவே ஐந்து இரவுகளும் போயின.

'ரெண்டாவது ராத்திரி பிரமாதம்,' என்று எவரோ எழுதினார். கீழ்வீட்டுக்காரர் கைதட்டும் படம் போட்டார்.

கடைசியில் பதிவு மருத்துவமனைக்கும் போய்ச் சேர்ந்தது. டாக்டர் கேட்டார், மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "எலும்பு கொஞ்சம் வளைஞ்சிருக்கு. இப்படி ஒரு குறட்டையை நான் கேட்டதே இல்ல. வியாழக்கிழமை வாங்க, ஆபரேஷன் பண்ணிடலாம்."

மிசுக்கிடம் போனில் விஷயத்தைச் சொல்லிவிட்டு, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஏழாவது மாடியில் லிஃப்ட் கதவு திறந்ததும், பக்கத்து வீட்டு ஹானுலின் அம்மா குப்பைப் பையோடு நின்றாள். மிசுக்கும் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்துவிட்டாள்.

கியூசோக் இடுப்பு வளையக் குனிந்தார். "மன்னிச்சுடுங்கம்மா. என் குறட்டையால உங்களுக்கெல்லாம் தொந்தரவு."

"பாருங்க ஹானுல் அம்மா, இந்த மனுஷனோட நான் படற பாட்டை!" என்று மிசுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஊருக்கே தெரிஞ்சு போச்சு. வியாழக்கிழமை அறுக்கறாங்களாம். இனியாவது நான் தூங்கறேன்."

ஹானுலின் அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நானும் கேட்டேங்க. ஆனா போன மாசம் சார் பூசான் ஊருக்குப் போயிருந்த ஒரு வாரமும், இதே சத்தம்தானே எங்க சுவர்ல கேட்டுச்சு?"